கடலூர்ல ஏதுங்க குளிரு?

"இது கோல்ட் ஸ்டார்ட் பிராப்ளம்ப்பா"ன்னு சொன்னதும் அப்பா என்னைப் பார்த்தாரு பாருங்க ஒரு பார்வை!

"கடலூர்ல ஏதுடா கோல்டு? நடு மார்கழியிலயே ஃபேன் போட்டுக்கிட்டுதான் தூங்குறோம்."

நியாயமான கேள்விதான். அதுக்குப் பதில் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆச்சு. அந்த ஒரு வாரத்துல என் மானம் எப்படிக் கப்பலேறிச்சுங்கிறதுதான் இந்தப் பதிவு. வண்டி பத்தின மொக்கை வேணாம்னு நினைக்கிறவங்க இப்பவே அப்பீட் ஆகிக்கலாம். மத்தவங்க வாங்க, மேட்டருக்குப் போவோம்.

மொதல்ல கதாநாயகியை அறிமுகப்படுத்திடறேன். 2002 மாடல் ஃபோர்டு ஐகான், 1.6 பெட்ரோல். மறைமலை நகர்ல பொறந்த நம்மூருப் பொண்ணு. 1999 கடைசியில ஐகான் வந்தப்போ 'ஜோஷ் மெஷின்'னு டிவியில அலப்பறை பண்ணுவாங்களே, ஞாபகம் இருக்கா? அதுல 1.6-ங்கிறது சும்மா பேருக்கு இல்ல. 92 குதிரை சக்தி. அந்தக் காலத்துல தெருவுக்கு நாலு நின்ன மாருதி 800-க்கு 37 தான். கணக்குப் போட்டுப் பாருங்க. அப்பா இதை செகண்ட் ஹேண்ட்ல வாங்கி வீட்டு வாசல்ல நிறுத்தினப்போ நான் ஸ்கூல் பையன். பின் சீட்ல உக்காந்திருந்த என்னை சீட்டோட வச்சு அழுத்தின முதல் வண்டி இதுதான். எஞ்சின்னா என்னான்னு எனக்கு ஆர்வம் வந்ததே அன்னிக்குத்தான்.

2011 டிசம்பர்ல தானே புயல் அடிச்சப்போ தெருவே மரத்துக்கு அடியில கெடந்துச்சு, இது மேல ஒரு கொப்பு மட்டும் விழுந்து தப்பிச்சுது. 2015 வெள்ளத்தையும் பார்த்திருக்கு. ஃபோர்டே இந்தியாவுல கார் பண்றதை 2022-ல நிறுத்திட்டாங்க. இது நிக்கல. ஆர்.சி.யைப் புதுப்பிச்சு 2027 வரைக்கும் வச்சிருக்கோம். அதுக்கு மேல 20 வருஷம் தாண்டின காருக்கு ஃபீஸ் பத்தாயிரம்னு 2025 ஆகஸ்ட்லயே ஏத்திட்டாங்க. அந்தக் கவலை அப்புறம்.

இப்ப அந்த வியாழக்கிழமைக்கு வருவோம். 2025 டிசம்பர்.

அம்மாவுக்குப் பித்தப்பையில கல்லு. மாசக்கணக்கா வலியைப் பொறுத்துக்கிட்டு, "ஒண்ணுமில்லடா, வாயு"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. கடைசியில சிதம்பரத்துல ஒரு ஆஸ்பத்திரியில ஆபரேஷனுக்குத் தேதி குறிச்சாச்சு. காலையில ஆறரைக்குள்ள வந்துடணும், ராத்திரியில இருந்து பச்சைத் தண்ணி கூட பல்லுல படக்கூடாது. எங்க வீட்ல இருந்து சிதம்பரம் 45 கிலோமீட்டர் சொச்சம். அஞ்சு மணிக்குக் கிளம்பினா தாராளம். நானும் ஆணி புடுங்குறதுக்கு லீவு சொல்லிட்டு மெட்ராஸ்ல இருந்து வந்திருந்தேன்.

அஞ்சு மணிக்கு சாவியைத் திருப்பினேன். க்ர்ர்ர்ர்ர்ர்ர். ஸ்டார்ட்டர் கிண்ணுனு சுத்துது. எஞ்சின் பிடிக்கல. திரும்ப. பிடிக்கல. இதுக்கு முன்னாடியும் ரெண்டு மாசமா காலையில பத்து செகண்டு, பதினஞ்சு செகண்டு மக்கர் பண்ணிட்டுத்தான் எடுக்கும். "வயசாயிடுச்சு"ன்னு விட்டுட்டோம். அன்னிக்குப் பேட்டரி இறங்குற வரைக்கும் முயற்சி பண்ணியும் எடுக்கல. தெருவுல ரெண்டு வீட்ல லைட்டு எரிஞ்சுது. அம்மா பின் சீட்ல பையை மடியில வச்சுக்கிட்டு ஒரு வார்த்தை பேசாம உக்காந்திருந்தாங்க.

அப்புறம் ஆட்டோ புடிச்சு, பஸ் புடிச்சு, எட்டரைக்குப் போய்ச் சேர்ந்தோம். அதுக்குள்ள தியேட்டர்ல அடுத்தவங்களை எடுத்துட்டாங்க. அவங்க மேல ஒரு தப்பும் இல்ல, அவங்க சொன்ன நேரத்துக்கு நாங்க போகல. அடுத்த வியாழக்கிழமை வாங்கன்னுட்டாங்க. திரும்பி வர்ற பஸ்ல அம்மா ஜன்னல் பக்கமா வயித்தைப் பிடிச்சுக்கிட்டே வந்தாங்க. இன்னும் ஒரு வாரம் அந்த வலி.

வீட்டுக்கு வந்ததும் அப்பா சொன்னது ஒரே வரி. "அடுத்த வியாழனுக்கு வாடகை வண்டி சொல்லிடு. இதை எடைக்குப் போட்டுடலாம்."

சத்தம் போட்டிருந்தா கூட பரவாயில்ல. ரொம்ப மெதுவா சொன்னாரு. "புதன்கிழமை வரைக்கும் டைம் குடுங்கப்பா"ன்னேன்.

இந்த இடத்துல அப்பா கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிடறேன். கோல்ட் ஸ்டார்ட்ல 'கோல்ட்'ங்கிறது வெளிய அடிக்கிற குளிரு இல்ல. எஞ்சின் ராத்திரி பூரா நின்னு, சுத்தி இருக்குற காத்தோட சூட்டுக்கே வந்துட்டா அதுக்குப் பேரு கோல்ட். ஓடுற எஞ்சினோட தண்ணி 90 டிகிரி கிட்ட இருக்கும். கடலூர்ல மார்கழிக் காலையில வெளிய 21, 22 டிகிரி. நமக்கு அது குளிரே இல்ல, எஞ்சினுக்கு அது பாதாளம்.

பெட்ரோல் திரவமா எரியாது, ஆவியாகணும். சூடான எஞ்சின்ல தெளிச்ச உடனே ஆவியாயிடும். ஆறின எஞ்சின்ல பாதி சுவத்துல ஒட்டிக்கும். அதனால காலையில கொஞ்சம் கூடுதலா பெட்ரோல் குடுக்கணும். அம்பாசடர், பத்மினி காலத்துல அதுக்கு டேஷ்போர்டுல ஒரு குமிழ் இருக்கும், சோக்கு. ஆர்.எக்ஸ்.100 வச்சிருந்தவங்களுக்கும் தெரியும், காலையில சோக்கு போடாம உதைச்சா கால்தான் வலிக்கும். இஞ்செக்ஷன் வண்டியில அந்த வேலையைக் கம்ப்யூட்டர் பாத்துக்குது. எஞ்சின் சூடு எவ்வளவுன்னு ஒரு சென்சார் சொல்லும், அதுக்கேத்த மாதிரி இஞ்செக்டரைக் கூடுதல் நேரம் திறந்து வைக்கும். ஆனா அந்தக் கணக்கெல்லாம் ஒரு நம்பிக்கையில நடக்குது: குழாய்ல பெட்ரோல் சரியான அழுத்தத்தோட காத்துக்கிட்டு இருக்கும்ங்கிற நம்பிக்கை. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வேலை இருக்கு.

வெள்ளிக்கிழமை நம்மூரு மெக்கானிக் ஒருத்தர் வந்தாரு. பேட்டரி மாத்தினாரு. ஸ்பார்க் ப்ளக் நாலும் மாத்தினாரு. சாயங்காலம் சாவி போட்டா, டக்குனு எடுத்துச்சு. காசு வாங்கிட்டுப் போயிட்டாரு. சனிக்கிழமை காலையில, க்ர்ர்ர்ர்ர். மறுபடி வந்தாரு. அவரு வர்றதுக்குள்ள நான் எப்படியோ எடுத்து சூடு பண்ணி வச்சிருந்தேன், அதனால அவரு கையில பட்டதும் எடுத்துச்சு. டெம்பரேச்சர் சென்சார் மாத்தினாரு. ஞாயித்துக்கிழமை காலையில, வேற என்ன, க்ர்ர்ர்ர்ர்.

பொட்டி தட்டுற நம்ம மக்களுக்கு இது புரியும். நம்ம சிஸ்டத்துல வர்ற பக், டெஸ்ட்டர் பக்கத்துல வந்து நின்னா மட்டும் வராது. எங்க மெக்கானிக் பார்த்த வண்டி வேற, நாங்க காலையில பார்த்த வண்டி வேற. ராத்திரி பூரா நிக்கிறதுதான் இந்த வியாதிக்கு வழி. அதை விட்டுட்டு சாயங்காலம் டெஸ்ட் பண்ணா 'எனக்கு ஒர்க் ஆகுதே'தான். ஸ்கேனர் போட்டுப் பார்க்கலாம்னா, நம்ம நாட்டுல ஓ.பி.டி.ங்கிறது கட்டாயமாக ஆரம்பிச்சதே 2010 ஏப்ரல்ல. இது 2002 வண்டி. கண்ணு, காது, மூக்கு, அப்புறம் ஒரு பேனா பேப்பர். அவ்வளவுதான் நம்ம கருவி.

சரின்னு அந்த ஞாயித்துக்கிழமை நான் ஒரு வேலை செஞ்சேன். மொதல்லயே செஞ்சிருக்க வேண்டிய வேலை. எதையும் மாத்தாம, வெறுமனே குறிச்சு வச்சேன். அணைச்சு அஞ்சு நிமிஷத்துல திரும்ப போட்டா: உடனே எடுக்குது. அரை மணி நேரம்: மூணு செகண்டு. ரெண்டு மணி நேரம்: அஞ்சு செகண்டு, அப்பவும் பானெட் தொட்டா வெதுவெதுன்னுதான் இருக்கு. ராத்திரி பூரா: பதினஞ்சுக்கு மேல, இல்லேன்னா எடுக்கவே இல்ல. எஞ்சின் பிடிக்கும்போது கறும்புகை கிடையாது, பெட்ரோல் நாத்தமும் கிடையாது.

அன்னிக்கு மத்தியானம் வண்டியை சிதம்பரத்துக்கு ஓட்டிக்கிட்டுப் போனேன். அங்க அப்பாவுக்குத் தெரிஞ்ச ஒரு மெக்கானிக் பாய் இருக்காரு, இந்த மாதிரி பழைய இஞ்செக்ஷன் வண்டிங்களைப் பொறுமையா பார்ப்பாரு. ராத்திரி சித்தி வீட்லயே வண்டியை நிறுத்திக்கிறது, காலையில எஞ்சினைத் தொடாம பாயை வரச் சொல்றது. இதான் திட்டம். அப்பாவும் கூட வந்தாரு. "நீ சரி பண்ணுவேன்னு வரல, என் தங்கச்சியைப் பார்க்க வர்றேன்"னு சொல்லிக்கிட்டே. எனக்கு சித்தின்னா அவருக்கு மச்சினி, அதெல்லாம் அன்னிக்கு மறந்துட்டாரு போல :)

ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டி ரோடு நல்லா இருந்துச்சு. வெள்ளாறு வர்றதுக்கு முன்னாடி ஒரு லாரியை முந்த மிதிச்சேன். நூறு தாண்டினதும் லேசா ஒரு இழுப்பு, மூச்சு வாங்குற மாதிரி. ரொம்ப நாளா இருக்கு இது. இதையும் வயசு கணக்குல எழுதியிருந்தோம்.

திங்கக்கிழமை விடியக்காலை அஞ்சரை. பாய் வந்தாரு. நான் என் பேப்பரை நீட்டினேன். ரெண்டு நிமிஷம் படிச்சாரு. "தம்பி, இதை நீங்க வெள்ளிக்கிழமையே எழுதியிருந்தா பேட்டரி காசு மிச்சம்."

அப்புறம் என்னை ஸ்டார்ட் பண்ணவே விடல. "சாவியை ஆன்ல மட்டும் வைங்க. பின்னாடி காது குடுங்க."

பின்னாடி இருந்து ஒரு 'ஙொய்ய்ய்' சத்தம், ரெண்டு செகண்டு. டேங்குக்குள்ள இருக்குற பெட்ரோல் பம்ப். சாவி ஆன் பண்ணதும் கொஞ்ச நேரம் ஓடி, குழாய்ல அழுத்தம் ஏத்திட்டு நின்னுடும்.

"ஆஃப் பண்ணுங்க. திரும்ப ஆன். ஆஃப். ஆன்." நாலு தடவை. "இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க."

அரை சுத்து. பூம்!

ராத்திரி பூரா நின்ன வண்டி. நாலு நாளா என்னை அழ வச்ச வண்டி. ஒரே அடியில எடுத்துச்சு. நான் வாயைப் பொளந்துக்கிட்டு நின்னேன். அப்பா மட்டும் காபி டம்ளரைக் கீழ வச்சுட்டுக் கிட்ட வந்தாரு.

பாய் விளக்கினது இதுதான். சென்சார் கோளாறா இருந்தா நாலு தடவை சாவி போட்டதால சரியாகியிருக்காது. ப்ளக் கோளாறா இருந்தாலும் அப்படித்தான். சரியாச்சுன்னா, குழாய்ல அழுத்தம் இல்லாம போனதுதான் வியாதி. நாலு தடவை பம்ப் ஓடினதுல அது நிரம்பிடுச்சு. சாவியை அணைச்சப்புறமும் அந்த அழுத்தம் ரொம்ப நேரம் நிக்கணும். இங்க எங்கயோ கசியுது.

எங்கன்னு பார்க்க, எஞ்சினுக்கு வர்ற குழாய்ல ஒரு டி இணைப்பு போட்டு மீட்டரை மாட்டினாரு. ஓடும்போது முள்ளு 3 பார் கிட்ட. அணைச்சதும் இறங்க ஆரம்பிச்சு, பத்து நிமிஷத்துல சைபர். கசிவுக்கு ரெண்டு பக்கம் இருக்கு. முன்னாடி இஞ்செக்டர் ஒழுகலாம். அப்படின்னா சிலிண்டருக்குள்ள பெட்ரோல் தேங்கி, எடுக்கும்போது கறும்புகையும் நாத்தமும் வரும். பின்னாடி டேங்குக்கே திரும்பிப் போகலாம். மறுபடி அழுத்தம் ஏத்தி அணைச்சுட்டு, டேங்க்ல இருந்து வர்ற ரப்பர் குழாயை ஒரு கிளாம்ப் வச்சு நசுக்கினாரு. முள்ளு அசையவே இல்ல. பத்து நிமிஷம், இருபது நிமிஷம். அப்படியே நின்னுச்சு.

முன் பக்கம் சுத்தம். ஒழுகுறது டேங்குக்குள்ள.

எனக்கு அப்படியே சிலிர்த்துடுச்சுங்க. ஒரு கிளாம்ப், ஒரு மீட்டர், அரை மணி நேரம். ஒரு பார்ட்டும் மாத்தாம பாதி வண்டியை நிரபராதின்னு விடுதலை பண்ணிட்டாரு. நாம கோட்ல பாதியை கமெண்ட் போட்டுத் தேடுவோமே, அதே வித்தை. அவருக்கு யாரும் பைனரி சர்ச் சொல்லிக் குடுக்கல.

சித்தி குடுத்த இட்லி கொத்சுவை முடிச்சுட்டு, வண்டியை அவரு ஷெட்டுக்குக் கொண்டு போனோம். பேட்டரியைக் கழட்டி, திறந்த வெளியில வச்சு (வீட்ல யாரும் முயற்சி பண்ணாதீங்க, பெட்ரோல் ஆவி விளையாட்டு இல்ல) பம்ப்பை வெளிய எடுத்தாரு. பம்ப்புல இருந்து மூடிக்குப் போற ஒரு சாண் ரப்பர் குழாய். கையில எடுத்துக் காட்டினாரு. ஊறிப்போன வடை மாதிரி உப்பி, விரல் வச்சா அமுங்குது. கிளிப் பக்கத்துல மயிரிழையா ஒரு வெடிப்பு. வண்டி ஓடும்போது பம்ப் ஈடு கட்டிடும். வேகமா போனா பத்தாது, அதான் நூறுல அந்த மூச்சு வாங்கல். நின்னா, அழுத்தம் முழுக்க அந்த வெடிப்பு வழியா டேங்குக்கே வடிஞ்சிடும்.

"யாரு தம்பி இந்தக் குழாயைப் போட்டது? இது வெளிய மாட்டுற குழாய். உள்ள பெட்ரோல் போனா தாங்கும், பெட்ரோலுக்குள்ளயே முங்கிக் கெடந்தா மேல்தோல் தாங்காது. டேங்குக்குள்ள போடுறதுக்குன்னே தனியா இருக்கு, 30ஆர்10-னு எழுதியிருக்கும்."

"தெரியலையே பாய், யாராவது பழைய மெக்கானிக்கா..."ன்னு நான் ஆரம்பிச்சேன்.

அப்பா வண்டியோட டேஷ்போர்டுல இருந்து ஒரு நோட்டை எடுத்தாரு. வண்டி வாங்கின நாள்ல இருந்து பெட்ரோல், ஆயில், பஞ்சர் எல்லாம் தேதி போட்டு எழுதுற நோட்டு. நான் எவ்வளவோ தடவை கிண்டல் பண்ணியிருக்கேன், ஆப் இருக்கும்போது எதுக்குப்பா இதெல்லாம்னு. 2023-ல ஒரு பக்கத்தைத் திருப்பி நீட்டினாரு.

'பெட்ரோல் பம்ப் மாற்றியது. பம்ப்: தம்பி ஆன்லைனில் வாங்கியது. ரப்பர் குழாய்: தம்பி கடையில் வாங்கியது, ரூ.60.'

ஆமாங்க. நான்தான். அந்த மெக்கானிக் டேங்க் குழாய் தனியா வாங்கணும்னு சொன்னப்போ, "எல்லாம் பெட்ரோல் பைப்புதானே"ன்னு கடையில கைக்குக் கிடைச்சதை வாங்கிக் குடுத்தவன் நான்தான். ஆபீஸ்ல யாரு இந்த வரியை எழுதினதுன்னு கோபமா தேடும்போது நம்ம பேரே வந்து நிக்கும் பாருங்க, அதே அசடு. என்ன, அங்க அசடு வழிஞ்சா ஒரு சிரிப்போட போயிடும். இங்க அம்மா ஒரு வாரம் வலியில இருந்திருக்காங்க.

எத்தனால் மேல பழியைப் போடலாமான்னு ஒரு கணம் யோசிச்சேன், பொய் சொல்லல. எத்தனால் கலக்குற திட்டம் 2003-ல 5 சதவீதத்தோட ஆரம்பிச்சுது, இப்ப 20 சதவீதம். அதுக்குத் தோதில்லாத ரப்பரை அது உப்ப வைக்கும்ங்கிறது உண்மைதான், பழைய வண்டி வச்சிருக்குறவங்க கவனிக்கணும். ஆனா தப்பான குழாயை உள்ள போட்டது எத்தனால் இல்லையே.

சரியான குழாய் செவ்வாய்க்கிழமை வந்துச்சு. நானூத்தி சொச்சம். தேவையில்லாம மாத்தின பேட்டரி, ப்ளக், சென்சார் கணக்கு ஏழாயிரத்துக்கு மேல. பாய் வேலைக்கு வாங்கின காசைச் சொன்னா நம்ப மாட்டீங்க. கூட வச்சுக் குடுத்ததை வாங்கவே இல்ல. "அம்மா நல்லா வந்து சேரட்டும், அப்புறம் பிரியாணிக்கு வர்றேன்"னாரு. அன்னிக்கு சாயங்காலமே வண்டியோட கடலூர் திரும்பிட்டோம்.

வியாழக்கிழமை. காலையில நாலே முக்கால். அப்பா வாடகை வண்டிக்காரர் நம்பரைக் கையிலயே வச்சுக்கிட்டு வாசல்ல நின்னாரு. அம்மா பின் சீட்ல, அதே பை, அதே மடி. நான் சாவியைத் திருப்பினேன். ஙொய்ய்ய். ரெண்டு செகண்டு காத்திருந்தேன். அப்புறம்...

அரை சுத்துதான்.

அம்மா, "கிளம்பிடுச்சாடா?"ன்னாங்க. அப்பா ஒண்ணும் சொல்லல. முன்னாடி வந்து உக்காந்து, சீட் பெல்ட்டைப் போட்டுட்டு, நோட்டை எடுத்து எழுதினாரு. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. இப்ப அம்மா ரசம் சாதத்துல இருந்து சாம்பார் சாதத்துக்குப் பதவி உயர்வு வாங்கியாச்சு.

ரெண்டு நாள் கழிச்சு அந்த நோட்டைத் திருட்டுத்தனமா திறந்து பார்த்தேன். 'காலை 4.45. ஒரே அடியில் ஸ்டார்ட். குழாய்: தம்பி மாற்றியது.'

எடைக்குப் போடுற பேச்சை அதுக்கப்புறம் யாரும் எடுக்கல.

டிஸ்கி: உங்க வண்டியும் காலையில மட்டும் மக்கர் பண்ணுதா? பார்ட் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர் எடுத்து, எவ்வளவு நேரம் நின்னா எவ்வளவு செகண்டு ஆகுதுன்னு நாலு நாள் எழுதுங்க. சாவியை நாலு தடவை ஆன் ஆஃப் பண்ணிட்டு ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க. மெக்கானிக் கிட்ட முந்தின நாள் ராத்திரியே வண்டியை விட்டுடுங்க. முக்கியமா, டேங்குக்குள்ள போற குழாயை நீங்களே போய் வாங்காதீங்க. வாங்கினா, அப்பா கண்ணுல படாம வாங்குங்க :)